சலம் (சீழ்) வைத்த புண்ணுக்கு எந்தக் கட்டு?

மெடிக்கலில் போய் “சலம் வச்ச புண்ணுக்கு நல்ல மருந்தாக் குடுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று கைக்கு வரும்: பழுப்பு நிறப் பீட்டாடின் ஆயின்மெண்ட், வெள்ளை நிறச் சில்வர் கிரீம், இல்லையென்றால் தூவுகிற ஆன்டிபயாடிக் பவுடர். மூன்றுக்கும் உரிய புண் உண்டு. கேட்டவர் காலில் இருப்பது அந்தப் புண்தானா என்பதைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிருமிநாசினிக் கட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மருந்தின் பெயர் கடைசியில் வர வேண்டிய கேள்வி. புண்ணிலிருந்து எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு ஆழம், பக்கவாட்டில் பொந்து ஓடுகிறதா, கட்டை மாற்றப்போவது யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் அலமாரியில் பாதி தானாகக் கழிந்துவிடும். பேரையூரிலிருந்து வாரம் ஒருமுறை மதுரைக்கு வந்து கட்டு மாற்றிக்கொள்பவருக்கும், கோரிப்பாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் இருப்பவருக்கும், புண் ஒரே மாதிரி இருந்தாலும் கட்டு ஒன்றாக இருக்க முடியாது.

முதலில், இது தொற்றுதானா

திறந்த புண் எதிலும் கிருமி இருக்கும். சதை சிவந்து, சுற்றுத் தோல் நன்றாக இருந்து, வாரத்துக்கு வாரம் சுருங்கிவரும் புண்ணுக்குக் கிருமிநாசினி தேவையே இல்லை. இந்த மருந்துகளில் பல, கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்லையும் கொஞ்சம் சுடும். சும்மா போட்டால் ஆறுவது தள்ளிப்போகும்.

ஆறிக்கொண்டு வந்த புண் இரண்டு வாரமாக அப்படியே நிற்கிறது, நீர் திடீரெனக் கூடுகிறது, நாற்றம் வருகிறது, சதை பொலபொலவென்று தொட்டாலே ரத்தம் கசிகிறது, விளிம்பில் புதிதாகச் சின்னக் குழிகள் விழுகின்றன என்றால், தொற்று புண்ணுக்குள்ளேயே இருக்கிற கட்டம் அது. மேலே போடும் கட்டு உதவுவது இங்கேதான்.

விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டரைத் தாண்டிச் சிவப்பு பரவினால் கட்டு மட்டும் போதாது. நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது; கருமையாகவோ ஊதாவாகவோ தெரியும். அதனால் புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும், விரலால் அழுத்தித் தோல் விறைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் நெறி கட்டுவது, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90க்கு மேல் ஓடுவது, தோலுக்கடியில் நறநறப்பு, கருநீலக் கொப்புளம் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும், சில நேரம் கத்தியும் வேண்டியிருக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு வலியும் காய்ச்சலும் இல்லாமலேயே இந்த நிலை வந்துவிடும். காரணமில்லாமல் சர்க்கரை அளவு எகிறுவது பல சமயம் முதல் அறிகுறி. பாதப் புண்ணில் மருத்துவர் ப்ரோப் என்ற மழுங்கிய ஸ்டீல் கம்பியை விட்டுப் பார்க்கையில் கட்டாந்தரையில் முட்டுவது போலத் தட்டினால் எலும்பு வரை போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் வெள்ளியா, அயோடினா என்று பேசிக்கொண்டிருப்பது நேரக்கேடு.

எந்தக் கிருமி என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுப்பதானால் கழுவிவிட்டு எடுக்க வேண்டும். மேலே தேங்கிய சீழைத் தொட்டு எடுத்தால் ஊரிலுள்ள கிருமியெல்லாம் வளரும். சலைனில் கழுவி, நல்ல சதையில் 1 சதுர சென்டிமீட்டர் இடத்தில் பஞ்சுக்குச்சியை அழுத்தி, உள்நீர் கசியும்படி 5 விநாடி சுழற்றி எடுப்பது முறை. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

கழுவாத புண்ணில் எந்தக் கட்டும் எடுபடாது

நாள்பட்ட புண்ணின் மேல் கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் சுலபத்தில் இறங்காது. சுரண்டி எடுத்தாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் மறுபடி கட்டிவிடும். அதனால்தான், செத்த சதையை எடுத்த கையோடு கிருமிநாசினிக் கட்டைப் போட்டால் பலன் அதிகம். செத்த சதை மேலேயே விலையுள்ள வெள்ளிக் கட்டைப் போடுவது, பாசி பிடித்த தொட்டியைத் தேய்க்காமல் பிளீச்சிங் பவுடர் தூவுகிற மாதிரி.

20 மி.லி. சிரிஞ்சில், ஊசியை உருவிய 18 கேஜ் கேன்யூலாவை (டிரிப் ஏற்றும் சின்னக் குழாய்) செருகி, நார்மல் சலைனைப் பீய்ச்சினால் படலத்தைக் கிளப்பப் போதுமான அழுத்தம் கிடைக்கும். அரை உள்ளங்கை அளவுப் புண்ணுக்கு 100 முதல் 200 மி.லி. வரை செலவழிக்கலாம். எதிரே தெறிக்கும், கண்ணுக்கு மறைப்பு வேண்டும். அடி தெரியாத பொந்துக்குள் மட்டும் அழுத்திப் பீய்ச்சக் கூடாது, நீர் தங்கிவிடும். சலைன் இல்லாத வீட்டில் கொதித்து ஆறிய தண்ணீரே போதும். உப்புக் கலப்பதானால் லிட்டருக்கு 9 கிராம், அதாவது தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன். மறுநாளைக்கு மிச்சம் வைக்க வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நுரை பொங்குவதைப் பார்க்க மனசுக்குத் திருப்தியாக இருக்கும். புண்ணுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, புதுச்சதை சேதமாகும். ஆழமான பொந்துக்குள் ஊற்றினால் வாயு ரத்தத்தில் கலக்கிற ஆபத்தும் உண்டு. காப்பித்தூள், மூக்குப்பொடி, சுண்ணாம்பு பற்றி ஒரு வரி போதும்: அவற்றைக் கழுவி எடுப்பதற்கே முதல் இரண்டு கட்டுகள் செலவாகும்.

வெள்ளி: பேர் பெரிது, வேலை நாள் குறைவு

வெள்ளி என்ற ஒரே பேரில் விற்கும் மூன்று பொருள்களை ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலாவது 1% சில்வர் சல்ஃபாடயசின் கிரீம். விலை மலிவு, எங்கும் கிடைக்கும், தப்பாகப் போடப்படுவதும் இதுதான் அதிகம். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூசி, நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பழையதை முழுக்கக் கழுவி எடுத்த பிறகே புதிது. இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் கிரீமும் புண்ணின் நீரும் சேர்ந்து மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு பக்கு படியும். பார்க்கச் சீழ் மாதிரியே இருக்கும். வீட்டில் உள்ளவர் “சீழ் கூடிருச்சு” என்று இன்னும் கனமாகப் பூசுவார்; அடியில் புண்ணின் நிஜ நிலை தெரியாமலே போகும். ஈர காஸை (கட்டுப்போடும் வலைத்துணி) 10 நிமிடம் போட்டு வைத்து மெதுவாகத் துடைத்தால் அது ஏடு மாதிரி உரிந்து வரும், அடியில் சிவப்புச் சதை தெரியும். நிஜச் சீழ் அப்படி உரியாது, குழைந்து வழியும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும், 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இந்தக் கிரீம் கூடாது.

இரண்டாவது, நாருக்குள் வெள்ளி வைத்த கட்டு. நீரை உறிஞ்சினதும் ஜெல்லியாக மாறும். புண்ணின் விளிம்பைத் தாண்டி 1 செ.மீ. படும்படி வைத்து, மேலே பஞ்சுக் கட்டோ மெத்தென்ற ஃபோம் கட்டோ போட்டால், நீரின் அளவைப் பொறுத்து அதிகபட்சம் 7 நாள் வரை விடலாம். பள்ளமான புண்ணில் தளர்வாகப் போட வேண்டும். திணித்தால் ஊதும்போது சுற்றுச்சதையை அழுத்தும். நீர் குறைந்த புண்ணில் இது அட்டை மாதிரி காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது புதுச்சதையும் சேர்ந்து வரும்.

மூன்றாவது, நானோகிரிஸ்டலின் வெள்ளி, அதாவது மிக நுண்ணிய படிகமான வெள்ளி பூசிய வலை. வெள்ளியை வேகமாகவும் நிறையவும் விடும். 3 நாள் கட்டு, 7 நாள் கட்டு என்று தனித்தனியாக வரும். இதை நனைத்துப் போட வேண்டும், நனைப்பது ஸ்டெரைல் வாட்டரில். கைக்கு எட்டிய சலைன் பாட்டிலை எடுத்து நனைத்தால் உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். கிருமிக்குப் போய்ச் சேர்வது குறையும். கழுவ சலைன், நனைக்கத் தண்ணீர் என்று டிரேயிலேயே பிரித்து வைத்தால் இந்தத் தவறு நடக்காது. காய்ந்துவிட்டால் வெள்ளி வெளியே வராது, நடுவில் ஒருமுறை மேலாக நனைக்க வேண்டியிருக்கும். சுற்றுத் தோல் சாம்பல் நிறமாவதைக் கண்டு பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மேலே படிந்த கறைதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருந்தால் கட்டில் வெள்ளி இருப்பதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளி புண்ணை ஆற்றுமா? பிரிட்டனில் 213 பேரின் நரம்புச் சுருட்டு (வெரிகோஸ் வெயின்) புண்ணில் செய்து 2009இல் வெளியான வல்கன் ஆய்வில், அழுத்தக் கட்டோடு வெள்ளிக் கட்டு போட்டவர்களுக்கும் சாதாரணக் கட்டு போட்டவர்களுக்கும் 12 வாரத்தில் ஆறியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. செலவுதான் கூடியது. அதை வைத்து வெள்ளியே வீண் என்று சொல்லிவிட முடியாது; அந்த ஆய்வு தொற்றுள்ள புண்ணுக்கென்று தனியாகச் செய்ததில்லை. தொற்றைக் குறைக்க இரண்டு வாரம் போட்டு நிறுத்த வேண்டிய பொருளை, ஆறுகிற வரைக்கும் போடுவதற்கு நியாயம் இல்லை என்பதுதான் அதில் தெரிகிறது.

அயோடின்: மலிவு, ஆனால் இரண்டு வகை

10% போவிடோன் அயோடின் (பீட்டாடின்) கரைசலில் கிடைக்கக்கூடிய அயோடின் 1% தான். வேகமாகக் கொல்லும், எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளையும் கொல்லும். சீழும் ரத்தமும் பட்டால் அதே வேகத்தில் செலவாகியும் விடும். சீழ் நிறைந்த புண்ணில் காலையில் வைத்த காஸ் மதியத்துக்குள் வெளுத்துவிட்டால் மருந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது வெறும் ஈரத்துணி. முள் குத்தின புது காயம், அரிவாள் வெட்டு, காய்ந்து கறுத்த கால்விரல் ஆகியவற்றுக்கு இது நல்ல மருந்து. கறுத்துக் காய்ந்த விரலை ஊறவைக்கவே கூடாது. அயோடின் தடவி, காய்ந்தபடியே மூடி, ரத்த ஓட்டம் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கேடெக்ஸோமர் அயோடின் வேறு ரகம். 0.9% அயோடினை மாவுச்சத்துக் குருணைக்குள் அடைத்திருப்பார்கள். 1 கிராம் ஏறக்குறைய 6 மி.லி. நீரைக் குடித்து, குடிக்கக் குடிக்க அயோடினைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அழுகல், நாற்றம், வழவழப்புப் படலம் எல்லாம் சேர்ந்த ஈரப்புண்ணுக்கு, விலையையும் வேலையையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் கணிப்பில் வெள்ளிக்கு முன்னால் இதைத்தான் யோசிக்க வேண்டும். 3 மி.மீ. தடிமனுக்கு வைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மாற்றலாம். எப்போது மாற்றுவது என்று அதன் நிறமே சொல்லும். வைக்கும்போது அடர்பழுப்பு, இரண்டாம் நாள் நடுவில் மட்டும் வெளுத்து விளிம்பு பழுப்பாக இருந்தால் இன்னும் வேலை செய்கிறது, முழுக்க வெளிறிச் சாம்பல் மஞ்சளானால் தீர்ந்துவிட்டது. பழைய ஜெல்லைச் சலைனால் நனைத்துக் கழுவினால் வழுக்கிக்கொண்டு வரும். பொந்துக்குள் ஒரு துண்டு தங்கிவிடாமல் பார்க்க வேண்டும்.

ஒரு தடவைக்கு 50 கிராம், வாரத்துக்கு 150 கிராம் உச்சவரம்பு; ஒரு சுற்றுச் சிகிச்சை 3 மாதத்தைத் தாண்டக் கூடாது. தைராய்டு கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, லித்தியம் மாத்திரை ஆகியவை இருந்தால் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்கு மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. சர்க்கரைக்காரர்களில் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தே இருப்பது சகஜம் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது. வைத்த ஒரு மணி நேரம் எரியும் என்று முன்பே சொல்லிவிட்டால் நடுராத்திரியில் கட்டைப் பிரித்துப் போட மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. அயோடினும் வெள்ளியும் ஒரே புண்ணில் சேரக் கூடாது. இரண்டும் பிணைந்து இரண்டுமே வீணாகும். காலையில் பீட்டாடினால் கழுவி, அப்படியே சில்வர் கிரீம் பூசும் வழக்கம் எத்தனையோ இடத்தில் இருக்கிறது.

எரியாத மருந்து, மருந்தே இல்லாத வலை

பி.எச்.எம்.பி. (பாலிஹெக்ஸாமெத்திலீன் பைகுவனைடு) என்ற கிருமிநாசினி மெடிக்கலில் கேட்டால் சிலருக்குப் புதிதாக இருக்கும், சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். 0.1% கரைசலில் காஸை நனைத்துப் புண் மேல் 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுப்பது ஒரு முறை. இந்த மருந்து ஏற்றிய காஸ், ஃபோம் போடுவது இன்னொரு முறை. எரியாது, கறை பிடிக்காது, புதுச்சதையை அதிகம் தொந்தரவு செய்யாது. வீட்டில் மருமகளோ மகனோ தினமும் கட்டு மாற்றுகிற புண்ணுக்கு எங்கள் முதல் சிபாரிசு இந்தக் கரைசல்தான்; அளவு கூடிப்போனாலும் பெரிய கெடுதல் இல்லை. இதை வைக்கும்முன் சோப்பு முழுக்கக் கழுவப்பட்டிருக்க வேண்டும், சோப்பு இதன் வேலையைக் கெடுக்கும்.

டி.ஏ.சி.சி. என்ற கொழுப்பு மாதிரியான பொருள் பூசிய வலையில் கிருமியைக் கொல்லும் மருந்தே கிடையாது. தண்ணீரை ஒதுக்கும் தன்மையுள்ள நூலில் கிருமிகள் போய் ஒட்டிக்கொள்ளும், கட்டை எடுக்கும்போது கூடவே வந்துவிடும். அதனால் கர்ப்பிணிக்கும் போடலாம், தைராய்டு இருந்தாலும் போடலாம். ஒரே நிபந்தனை: வலை புண்ணின் அடியைத் தொட வேண்டும், நடுவில் எண்ணெய்ப்பசை இருக்கக் கூடாது. ஆயின்மெண்ட் தடவிவிட்டு மேலே இதை வைத்தால் நூலில் ஒட்டுவது ஆயின்மெண்ட்தான்.

தேன்

சிறுமலைத் தேனும் கொடைக்கானல் தேனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊர் இது. அதனால் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். தேன் வேலை செய்யும் என்பது உண்மைதான். அதன் சர்க்கரைச் செறிவு கிருமியின் நீரை உறிஞ்சும், புளிப்புத் தன்மை கிருமிக்கு ஆகாது, புண்ணின் நீரோடு கலக்கையில் ஹைட்ரஜன் பெராக்சைடு துளித்துளியாக உண்டாகும். ஆனால் புண்ணுக்கென்று விற்கும் தேன் காமா கதிரால் சுத்திகரிக்கப்பட்டது. பாட்டில் தேனில் போட்டுலிசம் என்ற வாத நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். காய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்றால், வித்து சாகாது, பெராக்சைடை உண்டாக்கும் நொதி செத்துவிடும். எவ்வளவு சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் அது சாப்பிட மட்டும்.

மருத்துவத் தேன் வாங்கினால், 10க்கு 10 செ.மீ. கட்டுக்கு ஏறக்குறைய 20 மி.லி. பிடிக்கும். முதல் சில நாள் நீர் அதிகமாக வடியும், மேல்கட்டு கனமாக வேண்டும். இதைக் கண்டு புண் மோசமாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். சிலருக்குத் தாங்க முடியாமல் எரியும். நாற்றமும் மஞ்சள் அழுகலும் உள்ள, நீர் குறைவான புண்ணில் நன்றாக எடுபடும். நரம்புச் சுருட்டுப் புண்ணில் நியூசிலாந்தில் 368 பேரை வைத்து நடந்த ஆய்வில், 12 வாரத்தில் தேனால் கூடுதலாக ஆறவில்லை, வலி முதலிய தொந்தரவுகள்தான் கூடின. நம் வெயில் காலத்தில் இன்னொரு சிக்கல்: சூட்டில் இளகி ஓரமாக ஒழுகும், எறும்பு வரும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பச்சைச் சீழும் மிச்சமுள்ளவையும்

காஸில் பச்சை கலந்த நீலக்கறை, கொஞ்சம் தித்திப்பான ஒரு வாடை என்றால் சூடோமோனாஸ் என்ற கிருமி என்று சந்தேகிக்கலாம். இதற்கு விலை மலிந்த, நன்றாக எடுபடுகிற மருந்து 1% அசிட்டிக் அமிலம். காஸை நனைத்து 15 நிமிடம் வைத்து எடுத்து, சலைனால் கழுவி, வேறு கட்டு போட வேண்டும். நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, ஒரு வாரம். 5% கரைசல் இருந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு ஸ்டெரைல் வாட்டர். லேபிலிருந்து செறிவான அசிட்டிக் அமிலத்தை வாங்கி வீட்டில் கலக்கவே கூடாது; தோலைச் சுட்டுவிடும். சுற்றுத் தோலில் முன்கூட்டியே வாசலின் தடவினால் எரிச்சல் குறையும்.

குளோர்ஹெக்சிடின் ஏற்றிய பாரஃபின் வலை மேலோட்டமான சிராய்ப்புக்கும் சின்னத் தீக்காயத்துக்கும் போதும். சீழ் நிறைந்த புண்ணுக்குப் போதாது. வெயிலில் தகரக் கூரை வீட்டில் வைத்தால் பாரஃபின் இளகி ஒரு மூலைக்கு ஒதுங்கி, மறுமூலை வெறும் வலையாக நிற்கும். மூபிரோசின், ஃப்யூசிடிக் அமிலம் போன்ற ஆன்டிபயாடிக் களிம்புகளைச் சீட்டில்லாமல் வாரக்கணக்கில் தடவுவதால் அவற்றை மதிக்காத கிருமிகள் வளர்கின்றன. நியோமைசின் பவுடரில் தோல் ஒவ்வாமை அடிக்கடி வரும். ஈரத்தில் கட்டியாக உறைந்து அடியில் சீழை மூடியும் விடும். நாற்றமே பெரிய துன்பமாக இருக்கும் புற்றுநோய்ப் புண்ணுக்கு 0.75% மெட்ரோனிடசோல் ஜெல். அங்கே ஆற்றுவது நோக்கம் இல்லை, பக்கத்தில் மனிதர்கள் உட்கார முடிவதே பெரிய காரியம்.

எந்தப் புண்ணுக்கு எது

உள்ளங்காலில் சர்க்கரைப் புண். பாதத்தை ஆராயும் சர்வதேசக் குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண் ஆறுவதற்கென்று கிருமிநாசினிக் கட்டுகளையோ தேனையோ போட வேண்டாம் என்றே சொல்கிறது. தொற்று இருந்தால் ஆன்டிபயாடிக், செத்த சதையை எடுப்பது, பாதத்தில் பாரம் விழாமல் செய்வது, ரத்த ஓட்டம் பார்ப்பது ஆகிய நான்கும்தான் மருந்து. கட்டு நீரை உறிஞ்சினால் போதும். தடித்த ஃபோமை வைத்து அதே செருப்பில் நடந்தால், அந்தத் தடிமனே புண்ணை அழுத்தும். எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி உள்ளது) புண் வராமல் காப்பதற்கு நல்லது. வந்துவிட்ட புண்ணுக்கு மாவுக்கட்டு போன்ற வலுவான ஏற்பாடு தேவை. சிரமம் என்னவென்றால், கட்டைப் பற்றி மணிக்கணக்கில் கேட்கிற குடும்பம் செருப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

பரோட்டா மாஸ்டர், தறிக்காரர் மாதிரி நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கணுக்காலின் உள்பக்கம் வரும் நரம்புச் சுருட்டுப் புண் நீராக ஊற்றும். தொற்று தெரிந்தால் இரண்டு வாரத்துக்குக் கேடெக்ஸோமர், அல்லது வாரம் ஒருமுறைதான் வர முடியும் என்றால் வெள்ளி நார்க்கட்டு. அதற்கு மேல் அழுத்தக் கட்டு. கையிலும் காலிலும் பிரஷர் பார்த்துக் கணக்கிடும் விகிதம் 0.8க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தம் கொடுக்கக் கூடாது, விரல் கறுத்துவிடும்.

முதுகடியில் படுக்கைப்புண். மலம் படுகிற இடம். 7 நாள் வெள்ளிக் கட்டைப் போட்டுவிட்டு மறுநாளே பிரித்து எறிய வேண்டி வந்தால், ஆறு நாள் காசு குப்பைக்குப் போகிறது. அங்கே தினமும் மாற்றக்கூடிய பி.எச்.எம்.பி. கரைசலும் சாதாரண காஸும்தான் புத்திசாலித்தனம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கு வரும் நோய்த்தணிப்புச் செவிலியரிடம் மாற்றும் முறையை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளலாம்.

பங்குனி, சித்திரையில் பூக்குழி இறங்கியவர்களுக்கும், உச்சிவெயிலில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடந்த சர்க்கரைக்காரர்களுக்கும் பாதம் கொப்பளிக்கும். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது முதல் வேலை. தொற்றில்லாத புதுக்காயத்தில் சில்வர் கிரீமைத் தினமும் பூசுவதால் ஆறுவது தாமதமாகும். ஒட்டாத வலையும் சுத்தமான கட்டும் போதும். சில நாள் கழித்து நீரின் நிறமும் வாடையும் மாறினால் அப்போது நானோகிரிஸ்டலின் வெள்ளியைக் கொண்டுவரலாம், அதன் விலைக்கு நியாயம் செய்கிற இடம் இதுதான். கருவேல முள், மண்வெட்டிக் காயத்துக்கு டெட்டனஸ் ஊசி மறக்கக் கூடாது.

கணக்கு

விலையைத் துண்டுக்குப் பார்க்காமல் வாரத்துக்குப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணத்துக்கு: தினக்கட்டுக்குப் பொருள் 50 ரூபாய், கட்டுபவருக்கு 100, ஆட்டோவுக்கு 100 என்றால் வாரம் 1,750. ஒரு கட்டு 600 ரூபாய் என்றாலும் வாரம் இரண்டே முறை மாற்றினால், கூலியும் ஆட்டோவும் சேர்த்து 1,600. வீட்டிலேயே மாற்றுபவருக்கு அதே தினக்கட்டு 350 தான். ஆக, மலிவு எது என்பதை மருந்துக் கம்பெனியைவிடப் பஸ் ஸ்டாண்டு தூரமே தீர்மானிக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டுக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் அன்றைய கூலி போகும், அதையும் கணக்கில் போட வேண்டும்.

கட்டு எத்தனை நாள் தாங்கும் என்று உறையில் போட்டிருப்பது உச்சவரம்பு. அக்னி நட்சத்திரத்தில் வேர்வையில் பிளாஸ்டர் கழன்றாலும், மேல்கட்டில் ஈரம் வெளியே தெரிந்தாலும், அன்றைக்கே மாற்ற வேண்டும். நனைந்த கட்டு வழியாக வெளிக்கிருமி உள்ளே போகும். விளிம்புத் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தால் மருந்தை மாற்றும் முன் உறிஞ்சும் கட்டைக் கனமாக்கிப் பார்க்கலாம்.

பிளாஸ்டர் மேல் பேனாவால் போட்ட தேதியையும், புண்ணின் நீளம் அகலத்தையும், பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு எடுத்த போட்டோவையும் முதல் நாளே பதிந்து வைத்தால் 14ஆம் நாள் பேச்சு சுலபமாகும். நாற்றமும் நீரும் குறைந்து சதை சிவந்திருந்தால் கிருமிநாசினியை நிறுத்திச் சாதாரண ஈரக் கட்டுக்கு மாற வேண்டும். தேறி வருகிறது, ஆனால் தொற்று இன்னும் மிச்சம் என்றால் அதையே இன்னொரு இரண்டு வாரம். கொஞ்சமும் அசையவில்லை என்றால் வெள்ளியிலிருந்து அயோடினுக்குத் தாவுவதற்கு முன்னால் எலும்பு எக்ஸ்ரே, கால் நாடி, சர்க்கரை அளவு, செருப்பு, விளிம்பிலிருந்து ஒரு துளி சதை பயாப்ஸி.